பைக் டீடெய்லிங் தொடங்கப் போகும் பிள்ளை முதலில் விலை சொல்லப் பழக வேண்டும்

அம்மா,

உயர்தரம் எழுதிய மகன் மோட்டார் சைக்கிள் டீடெய்லிங் (வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து, துரு எடுத்து, பொலிஷ் போடும் வேலை) செய்யப்போகிறேன் என்று நிற்கிறார், "பைக் கழுவுறதெல்லாம் ஒரு தொழிலா" என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். இது தொழில்தான். ஆனால் வண்டியின் வெளிப்புறத்தை மட்டும் கழுவும் பொடி வோஷ் இடத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மகன் விளங்கிக்கொண்டாரா என்பதை நீங்கள் சோதிக்க வேண்டும். ஒரு வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, இதற்கு எத்தனை மணித்தியாலம் போகும், எந்தக் கறை போகும், எது போகாது என்று வேலை தொடங்குமுன் சொல்லத் தெரிந்தவர்தான் டீடெய்லிங்காரர். அது தெரியாமல் மெஷின் வாங்கினால் நட்டம்தான்.

திருகோணமலையில் வேலைக்குக் குறைவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025இல் மீண்டும் திறக்கும்வரை இருந்த வண்டியைத்தான் எல்லோரும் காப்பாற்றி ஓடினார்கள். அதனால் பத்து வருடம் தாண்டிய பல்சரும் டிஸ்கவரும் டியோவும் இன்னும் வீதியில் ஓடுகின்றன. அதோடு நம் ஊர்க் கடற்காற்று. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆகையால் மழை இல்லாத நாளிலும் துரு நடந்துகொண்டே இருக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இரவில் வெளியே நிற்கும் வண்டியில் சைலன்சர் கிளாம்ப், கால்மிதி போல்ட், ஸ்போக் நிப்பிள், டாங்கியின் அடி மடிப்பு ஆகியவற்றைத்தான் துரு முதலில் பிடிக்கும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதில் கழுவுவதே வண்டிக்கு இன்னொரு தடவை உப்புப் பூசுவதுதான். கடைசி அலசலாவது குழாய்த் தண்ணீரில் இருக்க வேண்டும், உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கவும் வேண்டும்.

மகனை முதலில் பழக்க வேண்டியது பார்வையிடல். பத்து நிமிடம் போதும், ஆனால் நிழலில், டோர்ச் லைட்டோடு. கீறலின் குறுக்கே நகத்தை இழுக்கச் சொல்லுங்கள். நகம் மாட்டினால் அது பெரும்பாலும் கிளியர் கோட்டில் (பெயின்றின் மேலுள்ள நிறமற்ற பூச்சு) ஆழமாக இறங்கிய கீறல், கொம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து மங்கவைக்கும் பசை) அதை முழுதாக எடுக்காது. "மங்கும், ஆனா போகாது" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ற் வண்டியென்றால் பொலிஷும் மெழுகும் கிட்டவே வரக்கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகிவிடும், திரும்பச் சரிசெய்ய முடியாது. ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியிருக்கிறதா, கவர் பூட்டும் காது உடைந்திருக்கிறதா, டாங்கி ஏற்கெனவே மறுபடி பெயின்ற் அடித்ததா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து, கிலோமீட்டரோடு ஒரு அட்டையில் எழுதி, சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கட்டும். பழைய கீறலுக்கு மகன் நட்டஈடு கொடுக்காமல் இருப்பதற்கு இதைவிட வேறு வழி இல்லை.

மீன்பெட்டி கட்டி ஓடும் வண்டியை மட்டும் தனியாகச் சொல்கிறோம், ஏனென்றால் இங்கே அது நிறைய. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கேரியர் வழியாகப் பின்சில்லு, செயின், பின்சில்லைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் எல்லாவற்றிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் புதிதுபோல இருந்தாலும் பின்பக்கம் தோல் உரிவதுபோல் உரியும். அந்தச் சொந்தக்காரருக்குப் பொலிஷ் தேவையில்லை. பின்பக்கத்தைக் கழற்றி உப்பை அலசி, துருவைச் சுரண்டி, ப்ரைமர் (அடிப்பூச்சு) வைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுப்பதுதான் அவருக்குத் தேவை. அதற்குரிய விலையையே கேட்க வேண்டும்.

இனி விலை. பக்கத்துக் கடை என்ன எடுக்கிறது என்று பார்த்துவிட்டு நூறு ரூபா குறைத்துச் சொல்வதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது, அதிலேயே பலர் விழுகிறார்கள். கணக்கை மகனே கொப்பியில் போடட்டும். கீழே உள்ளவை உதாரணத் தொகைகள், உங்கள் உண்மையான செலவை அந்த இடத்தில் போடுங்கள். இட வாடகை மாதம் 12,000, கரண்டும் தண்ணீரும் 4,000. பிரஷர் வோஷர் 45,000 ரூபா, மூன்று வருடம் உழைக்கும் என்றால் மாதம் 1,250. பொலிஷர் 18,000, இரண்டு வருடம் என்றால் 750. மொத்தம் 18,000. மாதம் 20 நாள், நாளுக்கு 6 மணித்தியாலம் உண்மையில் காசு வரும் வேலை என்றால் 120 மணித்தியாலம். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை கடை திறந்திருந்தாலும் ஃபோன் பேசுவதும் துணி துவைப்பதும் சாமான் வாங்கப் போவதும் இந்த ஆறில் சேராது. ஆக மணிக்கு 150 ரூபா இடமும் மெஷினும் சேர்ந்த செலவு. கைக்கு மாதம் 50,000 வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 420. இரண்டும் சேர்த்து 570.

பழைய பல்சர் ஒன்றுக்கு முழு டீடெய்லிங் 5 மணித்தியாலம் என்றால் 2,850. சாம்பூ, டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பது), கொம்பவுண்ட், மாஸ்கிங் டேப், செயின் எண்ணெய், துணித் தேய்மானம் எல்லாம் 650. ஆக 3,500. திரும்பச் செய்ய வேண்டி வந்தால், ஒரு கிளிப் உடைந்தால் என்று 15 வீதம் வைத்தால் 4,000க்குக் கிட்ட வரும். அதே பல்சர் கராஜிலேயே நின்று வந்திருந்தால் 3 மணித்தியாலத்தில் முடியும். ஆகவே வண்டி மொடலுக்கு விலைப் பட்டியல் ஒட்டுவது சரிவராது, அதன் நிலைமையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கு பெற்றோருக்கு இன்னொன்றையும் காட்டும். தொடக்கத்தில் மாதம் 120 மணித்தியால வேலை வராது, 60 மணித்தியாலம் கிடைத்தாலே நல்லது. 60க்கு 570 என்றால் 34,200. செலவு 18,000 போகக் கையில் 16,200தான் நிற்கும். இந்தக் குறையை விலையை ஏற்றி நிரப்பப் பார்க்கக்கூடாது, விலையைக் குறைத்து ஆள் பிடிக்கவும் கூடாது. முதல் ஆறு மாதத்துக்கு வீட்டில் சாப்பாடும், வாடகைக்கு ஒதுக்கிய காசும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டு முற்றத்தில் சனி ஞாயிறு மட்டும் தொடங்கட்டும். உறவினர் வண்டிகளில் சாமான் காசை மட்டும் வாங்கிப் பழகலாம், ஆனால் அதற்கும் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும்.

ஃபோனில் விலை கேட்பவருக்கு "இவ்வளவிலிருந்து தொடங்கும், வண்டியைப் பார்த்துத்தான் சரியாச் சொல்லலாம் அண்ணா" என்பதே பதில். "அங்க குறைவா எடுக்கிறாங்களே" என்று ஒருவர் சொன்னால் விலையில் கை வைக்காமல் வேலையைக் குறைக்கலாம்: "பொலிஷை விடுவம், கழுவி செயின் மட்டும் செய்து தாறன், இவ்வளவு." வண்டியை விற்கப் போகிறவரிடம் செராமிக் கோட்டிங் (பெயின்றின் மேல் பூசி இறுகவிடும் பாதுகாப்புப் பூச்சு) பற்றிப் பேசவே வேண்டாம். அவருக்குக் கழுவல், ஒரு கை பொலிஷ், மஞ்சளான ஹெட்லைட் ஆகியவை போதும். ஹெட்லைட்டை 1000, 2000, 3000 நம்பர் அரத்தாளில் தண்ணீரோடு தேய்த்துக் கொம்பவுண்ட் போட்டபின் வெயிலைத் தடுக்கும் யூவி பூச்சு வைக்காவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செராமிக்கில்தான் காசு என்று மகன் சொல்வார். அதை இரண்டாம் வருடத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். கோட்டிங் போட்டால் அடியிலுள்ள கீறலும் அப்படியே நிற்கும், ஆகவே பொலிஷ் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் அது சீக்கிரம் இறுகித் திட்டாக நிற்கும். சிறு பகுதியாகப் பூசி உடனே துடைக்க வேண்டும், பிறகு 24 மணித்தியாலமாவது தண்ணீர் படக்கூடாது. ஃபிரேம் துருவை அது நிறுத்தாது, கல் பட்டால் பெயின்ற் தெறிப்பதையும் தடுக்காது.

வேலையில் உயிர் சம்பந்தப்பட்டவை மூன்று. என்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயின் துடைக்கவே கூடாது, துணி ஸ்ப்ரொக்கட்டில் சிக்கினால் விரல் போய்விடும். ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில்லைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும். ஓ-ரிங் செயினுக்கு (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளது) மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும், பெற்றோல் ரப்பரைக் கெடுக்கும். இரண்டாவது, டயர் மினுக்கும் எண்ணெய் தரையில் படும் பகுதியிலோ, சிலிக்கோன் ஸ்ப்ரே பிரேக் டிஸ்க்கிலோ பட்டால் வாடிக்கையாளர் முதல் வளைவிலேயே விழுவார். பிரேக் பக்கத்தை மூடிவிட்டே ஸ்ப்ரே அடிக்க வேண்டும், முடிந்ததும் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். மூன்றாவது, வண்டியைக் கொடுக்குமுன் மகனே ஒரு சுற்று மெதுவாக ஓடி இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மற்றப் பிழைகள் காசைத்தான் தின்னும். சூடான சைலன்சரில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் கறை விழும், அரை மணித்தியாலம் ஆறவிட வேண்டும். பிரஷர் வோஷரைச் சில்லு பெயரிங், ஃபோர்க் சீல், சாவித்துளை, வயர் கனெக்டர் பக்கம் நேராகப் பிடித்தால் உள்ளே தண்ணீர் போகும். பிளக் மூடிக்குள் தண்ணீர் நின்று வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போனால் அன்றைய பெயர் கெட்டது. அதோடு சைலன்சர் வாயையும் காற்று வடிகட்டி வழியையும் அடைத்துவிட்டே தொடங்க வேண்டும். டாங்கி விளிம்பில் மெஷின் பொலிஷ் வேண்டாம், அங்கே பெயின்ற் மெல்லியது. பிளாஸ்டிக் கவரில் சூடு வெளியேறாது, மெஷினை ஒரே இடத்தில் வைத்தால் பெயின்ற் கருகும். மெஷினில் மூன்று அங்குலப் பேட் போட்டுக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும்.

வாடிக்கையாளரைத் தேடுவதற்கு, மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளியில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவர்களிடம் மார்ச்சிலேயே போய்ப் பேசட்டும். மாதத்துக்கு இத்தனை வண்டி, இத்தனை தடவை, இன்ன திகதியில் காசு என்று எழுதி வாங்க வேண்டும், கடனுக்குச் சீசன் முழுக்கச் செய்யக்கூடாது. கடற்படை, விமானப்படை ஆட்களும் இங்கே நிறைய இருப்பதால், விலையையும் வண்டியிலுள்ள குறைகளையும் விளக்கும் அளவுக்காவது சிங்களம் தெரிந்திருக்க வேண்டும்.

இடம் எடுக்குமுன் அழுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள். எண்ணெய்த் தண்ணீரைக் கானுக்கு விட்டால் அயலவர் முறைப்பாட்டிலேயே கடை மூடும். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவையா என்று உள்ளூராட்சி சபையிலும், வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். கூடவே மோட்டார் சைக்கிள் திருத்துநர் பாடத்தில் தேசிய தொழிற் தகைமை (NVQ) எடுக்கட்டும். கவர் கழற்றி மாட்டவும், பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று அறியவும் அது உதவும், டீடெய்லிங் சரிவராவிட்டாலும் அந்தச் சான்றிதழோடு வேறு கராஜுக்குப் போகலாம். மெஷின் காசைக் கொடுக்குமுன் அயலில் உள்ள பத்து வண்டிகளுக்கு மகன் பார்வையிடல் அட்டை எழுதி, மணித்தியாலமும் விலையும் போட்டு உங்களிடம் காட்டட்டும். அதில் மூன்று வண்டியையாவது கையாலேயே செய்து, எழுதிய நேரமும் எடுத்த நேரமும் எவ்வளவு விலகின என்று பாருங்கள். அந்த விலகல் ஒரு மணித்தியாலத்துக்குள் இருந்தால் வோஷர் வாங்கிக் கொடுக்கலாம்.