அப்பாவின் சிறுவர் நாவல் ‘வயது வந்தோருக்கான’ படமாகிறது: தடுக்க முடியுமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): என் தந்தை பள்ளித் தமிழாசிரியர். 1984-இல் அவர் எழுதிய சிறுவர் நாவல் இன்றும் சில பள்ளி நூலகங்களில் இருக்கிறது. பதிமூன்று வயதில் பெரியவளானதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் ஒரு கிராமத்துச் சிறுமி, பிடிவாதமாக மறுபடியும் பள்ளிக்குப் போகும் கதை அது. 1996-இல் ஒரு தயாரிப்பாளர் 10,000 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கினார், படம் எடுக்கவில்லை. அம்மா முன்பே போய்விட்டார், அப்பா 2003-இல் காலமானார். இப்போது அந்தத் தயாரிப்பாளரின் மகன், ஓடிடி தளத்துக்காக அதைப் பெரியவர்கள் மட்டும் பார்க்கும் படமாக எடுக்கப்போகிறார். அப்பா எழுதாத ஒரு உறவும் படுக்கையறைக் காட்சிகளும் திரைக்கதையில் இருக்கின்றன. நாயகியின் வயதை 18 ஆக்கிவிட்டதாகவும், முற்பகுதியில் மட்டும் ஒரு குழந்தை நட்சத்திரம் நடிப்பதாகவும் சொல்கிறார். அந்தக் குழந்தைக்கு 12 வயது. பெற்றோரை எனக்குத் தெரியும். என் அண்ணன் பணம் வாங்கிக்கொண்டு ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். “வெளிநாட்டில் ஆலிஸ் கதையையே இப்படி எடுத்தார்கள், யார் கேட்டார்கள்?” என்கிறார் தயாரிப்பாளர். நான் என்ன செய்வது? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் இணைத்திருந்த ஒப்பந்த நகலை நான்கு முறை படித்தேன். கடிதத்தில் நீங்கள் பயந்துபோய்த் தெரிகிறீர்கள். ஒப்பந்தத்தைப் பார்த்தால் பயப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் மூன்றே வரிகள். நாவலின் பெயர், “திரைப்படமாக எடுக்கும் உரிமையை முழுமையாகக் கொடுத்துப் பெற்றுக்கொண்ட தொகை ரூபாய் பத்தாயிரம்” என்ற வரி, அதன்கீழ் உங்கள் தந்தையின் கையெழுத்து. தேதி 14-8-1996. எத்தனை ஆண்டுகளுக்கு என்று எங்கும் இல்லை. ‘முழுமையாக’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எந்த உரிமை என்பதைச் சொல்கிறது. எவ்வளவு காலம் என்பதைச் சொல்லவில்லை. ‘நிரந்தரமாக’ என்றோ ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்றோ ஒரு சொல் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைப் பாருங்கள். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ள வேண்டும் என்கிறது அதன் ஐந்தாம் உட்பிரிவு. அப்படியானால் 2001 ஆகஸ்டிலேயே, உங்கள் தந்தை உயிரோடு இருந்தபோதே, உரிமை அவரிடம் திரும்பி வந்துவிட்டது. நான்காம் உட்பிரிவு இன்னும் கடுமையானது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, அது காலாவதியாகிவிடும். 1997-இலேயே அது முடிந்துபோனது என்று வாதிடவும் இடம் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் தேதி இங்கே மிக முக்கியம். இந்த உட்பிரிவுகள் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தவை. 1995 மே 10 முதல் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முன் எழுதிய ஒப்பந்தங்களுக்கு அவை பொருந்தா. உங்கள் தந்தை இதே தாளில் பதினாறு மாதங்கள் முன்னால் கையெழுத்திட்டிருந்தால் இந்த வாதமே கிடைத்திருக்காது. எனவே அசல் ஒப்பந்தமோ, தேதி தெளிவாகத் தெரியும் நகலோ உங்கள் கையில் பத்திரமாக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலில் ‘96’ பாதி மங்கியிருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் வைத்து மறுபடியும் படம் எடுத்துவையுங்கள்.

உரிமை திரும்பிவிட்டது என்றால் அது யாருடையது? எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். உங்கள் விஷயத்தில் 2063 டிசம்பர் 31 வரை. உயில் இல்லை என்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நாவலில் பாதி உங்களுடையது. ‘ஆண் பிள்ளை கையெழுத்துப் போட்டால் போதும்’ என்று உங்களிடம் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் சட்டம் அறியாதவர். அண்ணன் தன் பங்கைப் பற்றி மட்டும் பேசலாம். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் மூன்றாம் ஆளுக்கு அனுமதி கொடுக்க முடியாது. அண்ணனோடு சண்டைக்குப் போகாதீர்கள். கடிதத்தின் தொனியைப் பார்த்தால், அவர் திரைக்கதையைப் படிக்காமல் கையெழுத்திட்டிருப்பார் என்றே தோன்றுகிறது. அவரிடம் திரைக்கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி ஆலிஸ். தயாரிப்பாளர் சொன்னது உண்மைதான்; ஆனால் பாதி உண்மை. அற்புத உலகத்துக்குள் போகும் சிறுமி ஆலிஸைப் பற்றி இங்கிலாந்தின் லூயிஸ் கரோல் எழுதிய நூல் 1865-இல் வந்தது, அவர் 1898-இல் இறந்தார். 1976-இல் அமெரிக்காவில் அதைத் தழுவி வயது வந்தோருக்கான இசைப்படம் எடுக்கப்பட்டபோது அந்தக் கதை யாருக்கும் சொந்தமில்லாமல் பொதுச் சொத்தாகிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அனுமதி கேட்க யாரும் இல்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. அந்தப் படத்தில்கூட ஆலிஸ் சிறுமி அல்ல; நூலகத்தில் வேலை பார்க்கும் வளர்ந்த பெண்.

அதே இங்கிலாந்திலிருந்து வேறு ஒரு சிறுவர் கதை. ‘பீட்டர் பேன்’ எழுதிய ஜே. எம். பேரி, அதன் உரிமையை 1929-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். 2006-இல், அந்தக் கதையின் வெண்டி பாத்திரத்தைப் பயன்படுத்தி, பெரியவர்களுக்கான பாலியல் சித்திர நாவல் ஒன்று வெளியானபோது மருத்துவமனை ஆட்சேபித்தது. பிரிட்டனில் 2007 இறுதியில் பதிப்புரிமை முடியும் வரை அந்த நூல் அங்கே விற்பனைக்கு வராமல் காத்திருக்க வேண்டியதாயிற்று. உரிமையாளர் ஒருவர் இருந்து கேள்வி கேட்டால் நிலைமை எப்படி மாறும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். உங்கள் தந்தையின் நாவல் ஆலிஸின் நிலையில் இல்லை. அன்றைய பீட்டர் பேனின் நிலையில் இருக்கிறது.

‘ஒப்பந்தம் செல்லும்’ என்றே ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டாலும் உங்களுக்கு இன்னொரு கதவு உண்டு. பதிப்புரிமையை விற்ற பிறகும் எழுத்தாளரிடம் ஒட்டிக்கொண்டே இருக்கும் உரிமையைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு தருகிறது. படைப்பைச் சிதைத்தோ திரித்தோ அவருடைய கௌரவத்துக்கோ நற்பெயருக்கோ ஊறு விளைவித்தால் தடுக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். எழுத்தாளர் மறைந்த பின் சட்டபூர்வ வாரிசுகள் இதைப் பயன்படுத்தலாம்.

இந்தப் பிரிவைச் சினிமாவுக்குப் பொருத்திப் பேசிய முக்கியமான தீர்ப்பு, 1986-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மன்னு பண்டாரி வழக்கில் அளித்தது. பெற்றோர் பிரிந்துவிட்ட ஒரு சிறுவனின் மனத்தைச் சொல்லும் அவருடைய ‘ஆப் கா பண்டி’ நாவலைப் படமாக்க உரிமை வாங்கியவர்கள் அதைத் திரித்துவிட்டார்கள் என்பது புகார். திரைப்படத்துக்காகச் சில மாற்றங்கள் தேவைப்படும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் மூலத்திலிருந்து முற்றிலும் வேறான ஒன்றாக மாற்றிவிட உரிமை வாங்கியவருக்கு இடமில்லை என்றும், ஒப்பந்த வாசகத்தைக் காட்டி 57-ஆவது பிரிவைத் தட்டிவிட முடியாது என்றும் சொன்னது. அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தாலும் இந்தச் சட்ட விளக்கம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இதற்குச் சாட்சியம் வேண்டும். ‘என் மனம் புண்பட்டது’ என்பது போதாது. உங்கள் தந்தையின் பெயர் எதற்காக அறியப்பட்டது என்று காட்ட வேண்டும். முதல் பதிப்பின் அட்டையில் ‘சிறுவர் நாவல்’ என்று அச்சாகியிருக்கிறது என்றீர்கள். முன்னுரையில் “ஏழாம் வகுப்போடு நின்றுபோன என் மாணவிகளுக்கு” என்று அவர் எழுதியிருப்பதையும் சொன்னீர்கள். எந்த வக்கீலின் வாதத்தையும்விட அந்த ஒரு வரி வலுவானது. நூலக ஆணையின் நகல், ஆசிரியைகள் எழுதிய கடிதங்கள், மதிப்புரைகள், எதையும் விடாமல் சேர்த்துவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘ஆபாசம்’ என்ற வாதத்தின்மேல் இந்த வழக்கைக் கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் ஏழு முறை வருகிறது. பெருமாள்முருகன் வழக்கில் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: பிடிக்காவிட்டால் படிக்காமல் இருந்துவிடலாம் என்பதே அதன் சாரம். வயது வந்தவர்களின் உடலையும் விருப்பத்தையும் பற்றிப் படம் எடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. ஒரு பெண் பருவமடைவதைப் பற்றிப் படம் எடுக்கவும் உரிமை உண்டு. அந்தப் பொருளுக்கு உங்கள் தந்தையும் சொந்தம் கொண்டாட முடியாது. கருப்பொருளுக்குப் பதிப்புரிமை கிடையாது, சொல்லப்பட்ட விதத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. மேலும், ஆபாசம் என்று நீங்கள் கூச்சலிட்டால் நாளை யாராவது உங்கள் தந்தையின் நாவலையே எடுத்துக்கொண்டு, ‘இதில் தீட்டுத் துணி பற்றி இருக்கிறதே, இதுவும் ஆபாசம்தானே’ என்பார்கள். 1984-இல் ஒரு தமிழாசிரியர் மாணவிகளுக்காக அதை எழுதத் துணிந்திருக்கிறார். அந்தத் துணிச்சலை நீங்களே காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது எனக்கு அதிகம் கவலை தரும் விஷயம்: அந்த 12 வயதுக் குழந்தை.

இது உங்கள் வழக்கோடு சேர்ந்தது அல்ல, அதற்காகக் காத்திருக்கக் கூடியதும் அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, பாலியல் நோக்கத்துக்காக 18 வயதுக்குக் குறைந்தவரை எந்த ஊடகத்திலும் பயன்படுத்துவது குற்றம். உண்மையான செயலாக இருக்க வேண்டியதில்லை, நடிப்பாக இருந்தாலும் குற்றம்தான். 14-ஆவது பிரிவின்படி குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. பெற்றோரின் சம்மதம் இதில் எந்த மதிப்பும் இல்லாதது. தணிக்கைச் சான்றிதழும் இதற்குக் கேடயமாகாது. ஓடிடி படத்துக்கு அந்தச் சான்றிதழே கிடையாது.

‘நாயகிக்கு 18 ஆக்கிவிட்டோம்’ என்பதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அதே பெயர், அதே ஏழாம் வகுப்பு, அதே பள்ளிச் சீருடை. ஒரு வசனத்தில் மட்டும் ‘பதினெட்டு’ என்று வருகிறது. 2019-இல் போக்சோவில் சேர்க்கப்பட்ட வரையறை, குழந்தையைக் காட்டுவதுபோல் தோன்றும்படி உருவாக்கப்பட்ட, மாற்றப்பட்ட படத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நடிப்பவர் வளர்ந்த பெண் என்ற ஒரே காரணத்தால் அந்தக் கேள்வி தானாக மறைந்துவிடாது. இது தயாரிப்பாளருக்கும் அவருடைய வக்கீலுக்கும் எழுத்தில் சொல்லப்பட வேண்டியது.

அந்தப் பெற்றோரை நீங்களே போய்ப் பாருங்கள். குற்றம் சாட்டாமல் பேசுங்கள். மகள் திரையில் வரப்போகிறாள் என்ற மகிழ்ச்சியில் இருப்பார்கள். முழுத் திரைக்கதையையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், மகள் வரும் பக்கங்களை மட்டும் அல்ல. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்கட்டும். குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். இதைக் கேட்டவுடன் தயாரிப்பாளர் தரப்பு எரிச்சலடைந்தால், அதுவே பெற்றோருக்குப் போதிய பதில். எழுதப்பட்டதற்கு மேல் ஏதாவது நடக்கப்போகிறது என்ற நியாயமான அச்சம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அப்படிப்பட்ட அச்சம் உள்ள எவரும் தகவல் தர வேண்டும் என்பது போக்சோவின் 19-ஆவது பிரிவு இடும் கடமை.

வழக்குக்கு வருகிறேன். இந்த வாரமே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 1996 ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அண்ணனின் கடிதம் உங்களைக் கட்டுப்படுத்தாது, 57-ஆவது பிரிவின் உரிமையைப் பயன்படுத்துகிறீர்கள், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஓடிடி தளத்துக்கும் ஒரு நகல் போகட்டும். உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலியில் ஓட்டை இருப்பதாக எழுத்தில் தெரிந்துவிட்டால் தளங்கள் பணம் போடத் தயங்கும். பல நேரங்களில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் இடைக்காலத் தடை கேட்டு வழக்கு. இதற்காக நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு, வழக்குத் தொடுப்பவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அனுமதிக்கிறது, மதுரையிலேயே போடலாம். வணிக வழக்குகளுக்கு முன்கூட்டியே சமரச முயற்சி கட்டாயம் என்றாலும், அவசரத் தடை கேட்கும்போது அதற்கு விலக்கு உண்டு. ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது. எல்லாம் தெரிந்திருந்தும் வெளியீட்டுக்கு முந்தைய நாள் வந்து நிற்பவரை நீதிமன்றங்கள் நம்புவதில்லை. திரைக்கதை உங்கள் கைக்கு வந்த தேதியை இன்றே ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

‘அப்பா பெயரையும் தலைப்பையும் எடுத்துவிடுகிறோம், வழக்கு வேண்டாம்’ என்று அவர்கள் பேச வரலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள். பாத்திரங்களும் காட்சிகளும் நாவலுடையவையாக இருக்கும்போது பெயரை மட்டும் நீக்குவது, எடுத்ததை மறைப்பதாகத்தான் ஆகும். மாறாக, நாவலை அது எழுதப்பட்டபடியே, பருவமடைந்த சிறுமி புத்தகப்பையோடு மறுபடியும் பள்ளி வாசலுக்கு வரும் கதையாகவே எடுக்க அவர் முன்வந்தால், புதிய ஒப்பந்தம் போடுங்கள். காலம், ஊடகம், எல்லை, திரைக்கதைக்கு உங்கள் எழுத்துமூல ஒப்புதல் எல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்திடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அண்ணனும் நீங்களும் சேர்ந்தே கையெழுத்திடுங்கள்.