மே வெயிலில் முழுக்கைச் சட்டை

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா: பிளஸ் ஒன் படிக்கும் மகள் இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. ஒருநாள் கையில் தழும்புகளைப் பார்த்துவிட்டேன். சாகத்தான் பார்க்கிறாளா?

பெரும்பாலும் இல்லை அம்மா. தாங்க முடியாத கோபம், அவமானம், வெறுமை வரும்போது அதை அடக்க வேறு வழி தெரியாத பிள்ளைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதில் இறங்குகிறார்கள். ஆனாலும் அலட்சியம் கூடாது. மற்ற பிள்ளைகளைவிட இவர்களில் பின்னாளில் தற்கொலைக்கு முயல்பவர்கள் அதிகம். அதனால் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என் அறையில் சில அம்மாக்கள் உட்கார்ந்ததுமே பிள்ளையின் சட்டைக்கையைத் தூக்கிக் காட்டுவார்கள். பிள்ளை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காட்பாடி கல்லூரி மாணவர்: வலித்தால் மனசு லேசாகிறதே, எனக்குப் பைத்தியமா?

இல்லை தம்பி. உடல் வலியையும் மனவலியையும் மூளை ஓரளவு ஒரே பகுதிகளில்தான் கையாள்கிறது. உடல் வலி தணியும்போது மன இறுக்கமும் கூடவே தணிகிறது. எண்டார்ஃபின் என்ற வலியடக்கிக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். அப்புறம் வெட்கம், குற்ற உணர்ச்சி, மறுபடி இறுக்கம். மூளை இந்தச் சுற்றுக்குப் பழகிவிடுகிறது. அவசரத்துக்கு அணை போடும் மூளையின் முன்பகுதியோ 25 வயதுவாக்கில்தான் முழுதாய் முதிர்கிறது. அந்த உந்துதல் பாலாற்று வெள்ளம் மாதிரி, வந்த வேகத்தில் வடிந்துவிடும். அதுவரை தனியாக இருக்காதீர்கள். முகத்தில் குளிர்ந்த நீரை அடியுங்கள், யாரிடமாவது பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. இதற்கென்றே டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. அதை உருவாக்கிய மார்ஷா லினஹான், இளவயதில் தானும் இப்படித் தவித்ததை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆரணி தாத்தா: பேத்திக்கு மந்திரித்துக் கயிறு கட்டினோம். போதாதா?

கயிறு இருக்கட்டும் ஐயா, டாக்டரையும் பாருங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையமும் உண்டு. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவதில் பேர்பெற்றது. நீங்களும் கூடப் போங்கள்.

வாலாஜா ஆசிரியை: மாணவி விஷயத்தில் போலீஸ் கேஸ் வருமா?

வராது. தற்கொலை முயற்சியையே கடும் மன அழுத்தத்தின் விளைவாகக் கருத வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். பெற்றோரிடம் சொல்லத்தான் வேண்டும். அதை முதலில் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் அறையில் மட்டும் வேண்டாம்.