எழுதி இயக்குபவரின் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவது ஏன்?

"எழுத்தும் இயக்கமும் ஒருவரே என்றால் தாத்தா முதல் பேத்தி வரை ஒரே தாளத்தில் பேசுகிறார்கள், இது நடிகர்களின் குறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு படம் பார்த்துவிட்டு எரிச்சலில் இருக்கிறீர்கள் போல. பெரும்பாலும் நடிகர் மேல் தப்பில்லை.

கோளாறு நரேஷனிலேயே ஆரம்பிக்கிறது. எழுதியவர் கதை சொல்லும்போது வசனத்தை வாசிக்க மாட்டார், நடித்தே காட்டுவார். எங்கே நிறுத்தினார், எந்தச் சொல்லை இழுத்தார் என்பதெல்லாம் நடிகரின் காதில் ஒட்டிக்கொள்ளும். செட்டில் பிராம்ப்டிங் கொடுக்கும், அதாவது வசனத்தை எடுத்துக்கொடுக்கும் உதவி இயக்குநரும் அதே இழுப்பில்தான் சொல்வார். கடைசியில் டப்பிங்கிலும் மாடுலேஷனை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைத் திருத்துவது எழுதி இயக்கியவரேதான். வசனம் வேறொருவருடையது என்றால் இரண்டு சொல் மாறினாலும் பல இயக்குநர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். சொந்த வசனத்தில் ஒரு 'தானே' விட்டுப்போனாலும் இன்னொரு டேக்.

இதைவிட முக்கியம் வாக்கிய அமைப்பு. விமர்சனங்களில் யாரும் இதைத் தொடுவதே இல்லை. தமிழில் வினை பொதுவாகக் கடைசியில் வரும். "நான் இனிமே அந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்று எழுதினால், எதிரில் நிற்பவர் கடைசிச் சொல் விழும்வரை காத்திருந்துதான் ரியாக்‌ஷன் கொடுக்க முடியும். "வரமாட்டேன் நான், அந்த வீட்டுக்கு இனிமே" என்றால் சேதி முதல் சொல்லிலேயே போய்விடுகிறது. மிச்ச வசனம் ஓடும்போதே எதிராளியின் முகம் மாறலாம், எடிட்டரும் அந்த முகத்துக்கு வெட்டிப் போகலாம். எழுதுபவருக்கு இதில் ஒன்று பழக்கமாகிவிட்டால் அதைத்தான் நாம் ஸ்டைல் என்கிறோம். எல்லாப் பாத்திரத்துக்கும் அதையே கொடுத்தால் உங்கள் எரிச்சல்.

நீளமும் அப்படித்தான். 'வந்து, பார்த்து, கேட்டு, அழுது' என்று மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கினால் முடிவுக்கு வரும்போது குரல் தானாக ஏறும். ஓவர் ஆக்டிங் என்ற பழி நடிகருக்கு.

எழுத்து மாறினால் நடிப்பும் மாறும் என்பதற்கு நல்ல உதாரணம் மகேந்திரன். 1974இல் பி. மாதவன் இயக்கிய தங்கப்பதக்கம் அவர் எழுதியது. அங்கே சிவாஜி வசனத்தால் அரங்கை அதிரவைப்பார். அதே எழுத்தாளர் 1978இல் முள்ளும் மலரும் படத்தைத் தானே இயக்கியபோது பேச்சைக் குறைத்து, நிற்பதிலும் பார்ப்பதிலும் ரஜினியை நடிக்கவைத்தார். சிவாஜியைக் குறை சொல்வதாக யாரும் கிளம்பி வர வேண்டாம். அந்த வசனத்துக்கு அந்த நடிப்புதான் பொருத்தம்.

எழுதி இயக்குகிறவர் செய்யக்கூடியது: ஸ்கிரிப்டில் பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லை என்றால் அங்கேயே திருத்துங்கள். கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்பவர் ஒருவர், எதையும் முடிக்காமல் விடுபவர் ஒருவர் என்று பழக்கங்களைப் பிரித்துக் கொடுங்கள். ஒத்திகையில் நடித்துக் காட்டாதீர்கள். இந்தக் காட்சியில் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் நடிகரிடம் சொல்லி, ஒருமுறை அவர் வார்த்தையிலேயே பேசச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லை முதலில் போடுகிறார் என்று குறித்துக்கொண்டு வசனத்தை அப்படியே மாற்றி எழுதுங்கள். பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீ மாதக்கணக்கில் நடிகர்களோடு உட்கார்ந்து பேசவைத்தே ஸ்கிரிப்டை உருவாக்குவார். அந்த அளவுக்கு நமக்கு நாள் கிடைக்காது, ஒரு மதியம் போதும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மொழி தெரியாத நாயகி உதட்டை மட்டும் அசைத்திருப்பார், குரல் டப்பிங் கலைஞருடையது. மூச்சு, தயக்கம், அழுகை எல்லாம் அந்தக் கலைஞர் இருட்டறையில் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் காட்சித் துண்டு) பார்த்து நடித்தது. விமர்சனத்தில் "நாயகியிடம் இயக்குநர் அருமையாக வேலை வாங்கியிருக்கிறார்" என்று எழுதுகிறார்கள். குரல் கொடுத்தவர் யார் என்று ஒரு வரி இருக்காது.