சவூதி வேலை விசா: எல்லாவற்றையும் முகவரிடம் விட்டுவிட்டுக் காத்திருக்கலாமா?

தம்பி, நீங்கள் ஐடிஐ முடித்த வெல்டர் என்றும், சவூதியின் ஜுபைலில் ஒரு நிறுவனத்தில் வேலை இருப்பதாக முகவர் ஒருவர் சொல்கிறார் என்றும், பாஸ்போர்ட்டையும் ஒன்றரை லட்சம் ரூபாயையும் கொடுத்தால் மற்றதை அவரே பார்த்துக்கொள்வார் என்றும் எழுதி, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் காகிதங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பது முகவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருக்கக் கூடாது என்கிறேன். நான் தண்டையார்பேட்டைக்காரன். ஜுபைலில் பைப் ஃபிட்டராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பி வந்த பிறகு, காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் காகிதங்களைப் படித்து விவரம் சொல்லி வருகிறேன். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் விவரம் தெரியாதவர்கள் அல்லர். விவரம் கேட்டால் முகவர் கோபித்துக்கொள்வாரோ, வாய்ப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சிப் பேசாமல் இருந்தவர்கள்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவ்வாறு பதிவு பெற்றவரும் வேலைக்குச் செல்பவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அதற்கு ரசீதும் தர வேண்டும். சவூதியின் தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு, ஆளை வரவழைக்கும் செலவு, இகாமா எனப்படும் குடியிருப்பு அட்டையின் கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம் ஆகியவற்றை முதலாளியின் தலையில்தான் வைக்கிறது. ஆகவே "விசாவுக்கே அவ்வளவு ஆகிறது" என்று முகவர் சொன்னால், அந்தச் செலவு உங்களுடையது அல்ல என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பதிவில்லாமல் தொழில் செய்வோரின் பட்டியலும் அங்கேயே உண்டு. மண்ணடியிலோ பாரிமுனையிலோ பெரிய பலகை வைத்திருப்பது பதிவுக்குச் சான்றாகாது. பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாக ஆள் பிடிக்கும் துணை முகவர்களும் இருக்கிறார்கள் என்பதால், ரசீதில் யாருடைய பெயர் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது பாஸ்போர்ட். சவூதி உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரில், பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) முத்திரை உள்ளவர்கள், வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரைக் கவனிக்கும் மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற்றே விமானம் ஏற முடியும். பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே அந்த முத்திரை தேவையில்லை. நீங்கள் ஐடிஐயில் சேரும் முன் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால், மதிப்பெண் சான்றிதழைக் காட்டி முத்திரையில்லாத பாஸ்போர்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்த முத்திரையை எல்லாரும் நினைப்பதுபோல் வெறும் தடையாக நான் பார்க்கவில்லை. அந்த அனுமதிக்கு வேலை ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் ஒன்று பார்த்தாக வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில், விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு அது. சுத்திகரிப்பு ஆலையின் உயரத்தில் நின்று வெல்டிங் செய்யப் போகிறவர்களின் வீட்டாருக்கு அது சிறிய தொகை அல்ல. முத்திரை இல்லாதவர்களும் இ-மைக்ரேட்டில் பதிந்துகொள்ள வேண்டும் என்று 2019 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்க இருந்தார்கள். பிறகு அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் தாமாகப் பதிந்துகொள்ளலாம், பதிந்துகொள்ளுங்கள்.

நம் பகுதியில் எல்லாவற்றிலும் அதிகமாகக் காலத்தைத் தின்பது பெயரும் முகவரியும்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தோடு வாழ்கிறவர்கள் நாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "முருகன் கு" என்றிருக்கும். ஐடிஐ சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் வந்திருக்கும். ஆதாரில் தந்தை பெயர் முழுதாக ஒட்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். இங்கே யாருக்கும் இது வேற்றுமையாகத் தோன்றாது. ஆனால் விசா, மருத்துவச் சான்று, திறன் தேர்வு ஆகிய மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. ஓர் எழுத்து பிசகினாலும் இன்னொரு ஆள் என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை ஏற்க முடியாது என்று அறிவித்து, பின்னர் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியபோது, நம்மவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். எனவே தந்தை பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு முதலில் பாஸ்போர்ட்டைச் சீராக்குங்கள். மற்றவை அதைப் பின்பற்றட்டும். சான்றிதழில் பெயரே வேறாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், வேலை உறுதியாகும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

முகவரியிலும் இதே கவனம் தேவை. பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் தற்காலிகமாக வாடகை வீடுகளுக்கும், சில குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கும் போய்விடுகின்றன. ஆதாரில் இடிந்துபோன வீட்டின் கதவு எண் இருக்க, காவலர் சரிபார்க்க வரும்போது அங்கே ஆள் இல்லையென்றால் அறிக்கை பாதகமாகவே போகும். இப்போது உண்மையில் வசிக்கும் முகவரிக்கு ஆதாரை மாற்றிய பிறகே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

மருத்துவப் பரிசோதனையை, வளைகுடா நாடுகளுக்குச் செல்வோருக்கான வாஃபித் இணையதளத்தில் பதிந்து, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் செய்துகொள்ள வேண்டும். முன்பு காம்கா என்று அழைக்கப்பட்டது இதுதான். இதில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. காசநோய் வந்து முழுமையாகக் குணமானவரின் நுரையீரலிலும் எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரியும். அந்தத் தழும்புக்காகவே தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். சிறு வயதில் அந்நோய் வந்தவர்கள் நம் தெருக்களில் குறைவல்ல. கையில் இருக்கும் வேலையை விடுவதற்கும் கடன் வாங்குவதற்கும் முன்னால், ஸ்டான்லி மருத்துவமனையில் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வட்டிக்கு வாங்கிய பணம் முகவரிடம் போன பிறகு தகுதியில்லை என்ற முடிவு வந்தால், அந்தக் குடும்பம் படும் துயரம் பெரிது.

சவூதிக்குச் செல்லும் வெல்டர்கள், பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்கள் உள்ளிட்டோர் இங்கேயே திறன் சரிபார்ப்புத் தேர்வு எழுத வேண்டும். எழுத்துத் தேர்வும் செய்முறையும் உண்டு. உங்கள் கை வேலை தெரிந்த கை என்பதால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நிறுவனம் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில், அதாவது அவை உண்மையானவை என்று வெளிநாடுகள் ஏற்கும் முத்திரை, கேட்டால், மாநில அரசின் சரிபார்ப்புக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் அதைத் தரும். அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அதற்கு மேல் கேட்பதெல்லாம் இடையில் இருப்பவர்களின் கூலி. அப்போஸ்டில் உடன்படிக்கை சவூதியில் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், தூதரகச் சான்றொப்பம் தனியாக வேண்டும் என்று பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். காவல்துறை நற்சான்றையும் 2022 நவம்பர் முதல் சவூதி தூதரகம் இந்தியர்களிடம் கேட்பதில்லை.

கைரேகை பதிந்து, டெல்லித் தூதரகத்திலோ மும்பைத் துணைத் தூதரகத்திலோ விசா ஆனதும், 2023 மே முதல் அது பாஸ்போர்ட்டில் ஒட்டப்படாமல் கியூஆர் குறியோடு தனித் தாளாக வருகிறது. அந்தத் தாள் கையில் வந்த உடனே சவூதி வெளியுறவு அமைச்சகத்தின் விசா இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். அதில் எழுதியிருக்கும் தொழிலை அரபு தெரிந்த ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மண்ணடிப் பள்ளிவாசல்களில் கேட்டால் அன்போடு படித்துச் சொல்வார்கள். வெல்டர் என்று இல்லாமல் வீட்டு ஓட்டுநர் என்றோ வீட்டுப் பணியாளர் என்றோ இருந்தால் விமானம் ஏறாதீர்கள். வீட்டுப் பணியாளர்கள் சவூதியின் பொதுத் தொழிலாளர் சட்டத்துக்குள் வருவதில்லை. மேலே நான் சொன்ன 40ஆவது பிரிவும் அவர்களுக்குப் பொருந்தாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகள் மியான்மரில் அடைபட்டுக் கிடந்ததை நாம் எல்லாரும் அறிவோம்.

இப்போது அந்த முகவரிடம் திரும்பப் போங்கள். பதிவு எண், ஆட்கள் வேண்டும் என்று வேலை தரும் நிறுவனம் எழுதிய தேவைக் கடிதம், சம்பளமும் உணவும் தங்குமிடமும் எழுதிய ஒப்பந்தத்தின் நகல், கட்டணத்துக்கு ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். விசா வாங்குவதற்காக அசல் பாஸ்போர்ட்டைக் கொடுத்தே ஆக வேண்டிய கட்டம் வரும். அப்போது பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டே கொடுங்கள். திருப்பித் தருவதற்குப் பணம் கேட்டால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் தயங்காமல் புகார் கொடுங்கள். நீங்கள் கேட்ட காகிதங்களை அந்த முகவர் தர மறுத்தால், கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் உங்கள் பெயரைப் பதிந்துவையுங்கள். 1978 முதல் இயங்கும் அந்த நிறுவனமும் வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்புகிறது. புறப்படும் முன் தரும் ஒருநாள் பயிற்சியும் அங்கே இலவசம்.

எல்லாக் காகிதங்களுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே ஏதேனும் நேர்ந்தால் வெளிநாட்டில் உள்ள இந்தியர்களின் குறைகளுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் 'மதத்' (MADAD) இணையதளத்தில் இங்கிருந்தே புகார் பதிவு செய்ய, உங்கள் பாஸ்போர்ட் எண்ணும் நிறுவனத்தின் பெயரும் அவர்களுக்குத் தேவைப்படும்.