காந்தம் தூரத்தைத்தான் சொல்லும்: கம்பியில்லாமல் விசை அளப்பது பற்றி வாசகர் கேள்விகள்

ரப்பர் போல வளையும் காந்தத்தை வைத்து, கம்பி இழுக்காமல் அழுத்தத்தை அளக்கும் முறையைப் பற்றிப் போன முறை எழுதியிருந்தேன். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நன்றி.

காந்தம் எப்படி விசையை அளக்கும்? எனக்குப் பிடிபடவில்லை. (ஆசிரியை, ஃபீனிக்ஸ்)

காந்தத்துக்கு விசை தெரியாது டீச்சர். அது சொல்வது தூரத்தைத்தான். சிலிக்கான் ரப்பரில் நியோடிமியம் காந்தத் தூளைக் கலந்து மெல்லிய தகடாக வார்க்கிறார்கள். அதன் கீழே ஒரு மெத்தை, மெத்தைக்கு அடியில் காந்தப்புலத்தை உணரும் சில்லு. மின்சாரம் ஓடும் கடத்தியின் குறுக்கே காந்தப்புலம் ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும்; எட்வின் ஹால் 1879-இல் கண்ட இந்த விளைவுதான் அந்தச் சில்லுக்கு அடிப்படை. மேலே அழுத்தினால் மெத்தை நசுங்கும், தகடு சில்லை நெருங்கும், புலம் கூடும். சிறு காந்தம் ஒன்றின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், தூரம் பாதியானால் புலம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால்தான் முடியளவு நசுங்கினாலும் தெரிந்துவிடுகிறது.

விசையைத் தூரமாக மாற்றுவது ரப்பரின் வேலை. ரப்பர் சரியில்லை என்றால் சில்லு எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயனில்லை. இன்னொன்று: கம்பியில்லை என்றால் தகட்டுக்குக் கம்பியில்லை என்று பொருள். சில்லுக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் நனைவதும் தேய்வதும் தகடுதான். அது கிழிந்தால் வேறு தகட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

அறிவியல் கண்காட்சிக்கு இதை வீட்டிலேயே செய்ய முடியுமா அங்கிள்? (9-ஆம் வகுப்பு மாணவி, சாட்ஸ்வொர்த்)

செய்யலாம் மகளே, ஆனால் தூள் வேண்டாம். நியோடிமியம் நுண்தூள் காற்றிலேயே தீப்பற்றக்கூடியது. தவிர, வார்த்த பிறகு அதைக் காந்தமாக்கப் பெரிய கருவி வேண்டும். ஒரு வட்டக் காந்தமும் பாத்திரம் தேய்க்காத புது ஸ்பாஞ்சும் போதும்.

உன் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டும் வளையும் காந்தமும் இந்தக் குடும்பம்தான். ஃபெரைட் தூளை ரப்பரில் கலந்தது. இரண்டு எடுத்துக் கறுப்புப் பக்கங்களைச் சேர்த்துவைத்து மெதுவாக இழுத்துப் பார். ஒரு திசையில் 'டக் டக் டக்' என்று விரலில் தட்டும். வடக்கும் தெற்கும் கோடு கோடாக மாறி மாறி இருப்பதால் அப்படி. அதே காரணத்தால் அதன் புலம் சில மில்லிமீட்டருக்குள் தேய்ந்துவிடும், ஆகவே உன் சோதனைக்கு அது ஆகாது.

அப்பாவின் போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தார் செய்தது. அதில் காந்தமானியைத் திற. சிறு காந்தத்தைப் போனின் மேல் சற்று உயரத்தில் நகர்த்து. எண் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கேதான் சில்லு இருக்கிறது. இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் ஒரு மரப்பலகை, பலகைக்கு அடியில் போன். பலகை மேல் ஸ்பாஞ்ச், அதன் மேல் காந்தம், அதற்கு மேல் அட்டை.

முதலில் காந்தம் இல்லாமல் அளந்து குறித்துக்கொள். அது பூமியின் புலம். நம் நாட்டில் அது மிகவும் குறைவு. ஹெர்மானஸ் ஊரின் காந்தப்புல ஆய்வகத்தின் பக்கம் சுமார் 26 மைக்ரோடெஸ்லா (புலத்தை அளக்கும் அலகு), சென்னையில் 40-ஐத் தாண்டும். போன் அசையாமல் இருக்கட்டும், செயலி காட்டும் x, y, z என்ற மூன்று அச்சிலும் தனித்தனியாக அதைக் கழித்துவிடு.

அப்புறம் எடை. நாணயங்களை அடுக்காதே, சிலவற்றில் இரும்பு உண்டு. தண்ணீர்ப் பாட்டில் நல்லது: 250 மில்லி ஏறக்குறைய 2.45 நியூட்டன், ஒரு லிட்டர் 9.8. ஏற்றும்போதும் எழுது, இறக்கும்போதும் எழுது. வரைபடமாகப் போட்டால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. பயந்து அழித்துவிடாதே. ஸ்பாஞ்ச் உடனே பழைய உயரத்துக்கு எழாது என்பதை நீயே கண்டுபிடித்திருக்கிறாய்; உன் கண்காட்சிப் பலகையில் எல்லோரும் பார்க்க வேண்டிய படம் அதுதான்.

சின்னத் தம்பி தங்கை இருந்தால் காந்தத்தை எண்ணி எடு, எண்ணி வை. இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து இறுக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்வு குறைந்துவிட்டது. இந்தத் தகட்டைச் செருப்பில் வைக்கலாமா? (மெரிபேங்க்)

காலணிக்குள் அழுத்தம் எங்கே குவிகிறது என்று பார்க்க இது பொருத்தமான முறை. ஆராய்ச்சியாளர்கள் அந்தத் திசையில் உழைக்கிறார்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். கிளினிக்கில் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. அந்தத் தொடுதல் தெரியவில்லை என்றால் பாதத்தின் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். விலை குறைந்த, வளைகிற, நம்பத்தக்க விசைமானி என்றால் அதுதான்.

தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். செருப்புக்குள் கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காவடிக்கு வெறுங்காலோடு தார் சாலையில் நடக்க அம்மா ஆசைப்பட்டால், அன்போடு தடுத்துவிடுங்கள். கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

சர்க்கரை ஆலையில் சுழலும் தண்டின் முறுக்குவிசையை இப்படி அளக்கலாமா? (டோங்காட்)

அளக்கலாம், ஆனால் ரப்பர் அல்ல. அங்கே எஃகுத் தண்டே காந்தமாக வேலை செய்யும். இழுத்தாலோ முறுக்கினாலோ இரும்பின் காந்தத்தன்மை மாறும் என்பதை இத்தாலிய இயற்பியலாளர் வில்லாரி 1865-இல் கண்டார். தண்டில் ஒரு பட்டையைக் காந்தமாக்கி, பக்கத்தில் தொடாமல் உணரியை வைப்பார்கள். கடைகளில் துணியோடு வரும் திருட்டுத் தடுப்புப் பட்டையும் உறவுதான்: வாசலில் 58 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு பட்டவுடன் உள்ளே இருக்கும் உலோக நாடா மணி போல் அதிர்ந்து பதில் சொல்கிறது. பேட்டரியே கிடையாது. நாடாவின் மேல் பாரம் ஏறினால் அதிரும் வேகம் மாறும்; அதைக் கொண்டும் அளக்கலாம்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். (வாசகர், ஸ்டேஞ்சர்)

காந்தத்தை மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள் ஐயா. சட்டைப் பையில் வேண்டவே வேண்டாம்.

காலையில் அளந்தது மதியம் மாறிவிடுகிறதே, ஏன்? (டர்பன்)

வெயில். நியோடிமியம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.12 சதவீதம் பலம் குறையும். 20 டிகிரி ஏறினால் 2.4 சதவீதம் போச்சு. ரப்பரும் இளகும். ஆறினால் இது பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் சாதாரண ரகங்கள் 80 டிகிரியைத் தாண்டினால் இழந்த பலம் திரும்பாது. நான் ஒரு தகட்டை நம் கோடையான ஜனவரி மாதம் காருக்குள் முன்கண்ணாடி அடியில் விட்டுவிட்டுப் போனேன். மாலையில் எடுத்தால் ஓரம் சுருண்டிருந்தது, பழைய கணக்கு எதுவும் பொருந்தவில்லை. தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து மறுபடி தொடங்கினேன். அன்று முதல் ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் வெப்பநிலையையும் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

தேர் இழுக்கும் வடத்தில் எவ்வளவு விசை என்று அளக்க ஆசை. (மவுண்ட் எட்ஜ்கோம்ப்)

நல்ல ஆசை. ஆனால் தேரின் இரும்பு அச்சும் சக்கரமும் புலத்தைக் கலைத்துவிடும், வடத்தின் இழுவையோ இந்த மெல்லிய ரப்பருக்குத் தாங்காது. கிரேனில் தொங்கவிடும் எடைமானி ஒன்றை வாடகைக்கு எடுத்து வடத்துக்கும் தேருக்கும் நடுவில் மாட்டுங்கள். தேர் நகரத் தொடங்கும் அந்த முதல் இழுப்பில் எண் எங்கே போகிறது என்று பார்த்து எனக்கும் எழுதுங்கள்.