ஊசியை வாங்கித் தந்த அரசு பாதிப்பையும் ஏற்க வேண்டும்

கேள்வி: கோவிஷீல்டு தடுப்பூசியால் மிக அரிதாக ரத்தம் உறையக்கூடும் என்று அஸ்ட்ராஜெனெகா நிறுவனமே லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்திருக்கிறது. தங்கள் மேல் வழக்கு வராமலிருக்க வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்ட பாதுகாப்பை மறுத்துவிட்டு, நாடு முழுவதற்கும் இலவசமாக ஊசி போட்டோம் என்று ஆளுங்கட்சியினர் பெருமைப்படுகிறார்கள். மக்கள் உயிரோடு விளையாடிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சியினர் இந்த 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் குற்றம் சாட்டுகிறார்கள். யார் பக்கம் நியாயம்?

பதில்: ஊசி போட்டுக்கொண்டு உண்மையிலேயே பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இந்த இரு தரப்பு வாதங்களிலும் இடமே இல்லை என்பதுதான் என் முதல் வருத்தம். ஒருவர் கொடுத்ததைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறார், இன்னொருவர் கொடுத்ததையே குற்றமாக்கி ஓட்டுக் கேட்கிறார். கொடுத்ததால் யாருக்காவது தீங்கு நேர்ந்திருந்தால் அவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இருவருமே வாய் திறக்கவில்லை.

முதலில் செய்தியைப் பற்றி. ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் அந்தப் பாதிப்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலிலேயே அதை அரிதான பக்கவிளைவாக அறிவித்தது. அடுத்த மாதமே நம் மத்திய சுகாதார அமைச்சகமும், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 498 கடுமையான பாதிப்புகளில் 26 இத்தகையவையாக இருக்கலாம் என்றும், அது பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவு என்றும் வெளிப்படையாகச் சொன்னது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரக்கூடிய பாதிப்பு இது. 2021இல் போட்டுக்கொண்டவர்கள் இப்போது பதறிப்போய் ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. கொரோனா தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர்களோடு ஒப்பிட்டால் அவற்றால் நேர்ந்த தீங்கு மிகச் சிறியது என்பதையும் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஆனால் சிறியது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் அவர்களைக் கைவிடுவதற்குச் சாக்கும் குறைவு.

இலவசம் என்ற பெருமைக்கு வருகிறேன். தொற்றுநோய்த் தடுப்பூசியை இலவசமாகத் தருவது சரியான பொருளாதாரம். ஒருவர் போட்டுக்கொள்வதால் அடுத்தவருக்கும் பயன் என்னும்போது, அதை அவரவர் பணப்பையைப் பொறுத்து விடுவது புத்திசாலித்தனம் அல்ல. போலியோ சொட்டு மருந்தும் பி.சி.ஜி. ஊசியும் பல பத்தாண்டுகளாக இந்த நாட்டில் இலவசமாகத்தான் கிடைக்கின்றன. அதை யாரும் கொடையாக நினைத்ததில்லை. கொரோனா ஊசி மட்டும் தொடக்கத்திலிருந்தே கட்சிகளின் கொடையாக மாற்றப்பட்டது. ஊசிக்கு அனுமதிகூடக் கிடைக்காத 2020 அக்டோபரில் பீகார் தேர்தல் அறிக்கையில் பா.ஜ.க. அதை இலவசமாகத் தருவதாக வாக்களித்தது. அதே நாளில் இங்கே அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியும் தமிழ்நாட்டு மக்கள் அனைவருக்கும் இலவசம் என்றார்.

வாக்குறுதி கொடுத்தவர்கள் ஊசி வந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2021 மே 1 முதல் 45 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான ஊசியை மாநிலங்களே பேரம் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு விட்டுவிட்டது. இரண்டாம் அலையில் சுடுகாடுகளில் வரிசை நின்ற மாதம் அது. ஒரே கோவிஷீல்டுக்கு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநில அரசுக்கு 300, தனியார் மருத்துவமனைக்கு 600 என்று மூன்று விலை. அதில் மாநிலங்களுக்கான விலை முதலில் 400 ஆக இருந்து எதிர்ப்புக்குப் பிறகு குறைக்கப்பட்டது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் உலகளாவிய டெண்டர் விட்டன. மத்திய அரசுகளோடு மட்டுமே பேசுவோம் என்று ஃபைசரும் மாடர்னாவும் கையை விரித்தன. வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிய 35,000 கோடி ரூபாய் எப்படிச் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றம் கேட்டு, அந்தக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்த பிறகு, ஜூன் 7 அன்று பிரதமர் மீண்டும் இலவசம் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் பெட்ரோலியத் துறை இணை அமைச்சர் ராமேஸ்வர் தெலி, பெட்ரோல் வரியில்தானே இலவச ஊசிக்குப் பணம் வருகிறது என்று சொன்னார். அதாவது மக்களே பணம் கட்டி வாங்கிக்கொண்ட ஊசி அது. அப்படியிருக்க, சான்றிதழில் பிரதமர் படம் எதற்கு? சத்தீஸ்கரின் அன்றைய காங்கிரஸ் அரசு தன் பங்குக்கு முதல்வர் படத்தைப் போட்டது எதற்கு?

எதிர்க்கட்சிகளும் தங்கள் பங்குக்குக் கெடுத்தன. 2021 ஜனவரியில், இது பா.ஜ.க.வின் ஊசி, நான் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சமாஜ்வாதி கட்சித் தலைவர் அகிலேஷ் யாதவ் சொன்னது பொறுப்பற்ற பேச்சு. உள்நாட்டு ஊசியான கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அனுமதி கொடுத்தது ஏன் என்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி, சிலர் அப்படிக் கேட்கவும் செய்தார்கள். ஊசிக்கே கட்சி முத்திரை குத்தியபோது அந்த நியாயமான கேள்வியும் அடிபட்டுப்போனது.

இனி வழக்குப் பாதுகாப்பு. ஊசியால் தீங்கு நேர்ந்தால் தங்கள் மேல் வழக்கு வரக்கூடாது, வந்தாலும் அரசே அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்பது ஃபைசரும் மாடர்னாவும் வைத்த நிபந்தனை. வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டும் கேட்டதல்ல இது. இங்கே கோவிஷீல்டைத் தயாரித்த சீரம் நிறுவனத்தின் தலைவர் அதார் பூனாவாலா 2020 டிசம்பரிலேயே, தயாரிப்பாளர்களை வழக்குகளிலிருந்து அரசு காக்க வேண்டும் என்று பேசினார். மத்திய அரசு யாருக்கும் தரவில்லை. மாடர்னாவுக்கு 2021 ஜூன் இறுதியில் அவசரகால அனுமதி கிடைத்தும், இந்தச் சிக்கலால் அந்த ஊசி நம் தடுப்பூசித் திட்டத்துக்குள் வரவே இல்லை.

மறுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்தது பெரும் தவறு. நிறுவனத்துக்குப் பாதுகாப்பு கொடுத்த நாடுகளில் பாதிக்கப்பட்டவருக்கும் ஏதோ ஒரு வழி வைத்தார்கள். பிரிட்டன் அஸ்ட்ராஜெனெகாவுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. கூடவே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு 1,20,000 பவுண்டு தரும் திட்டத்தில் கொரோனா ஊசியையும் சேர்த்தது. அந்தத் தொகை போதவில்லை, 60 விழுக்காடு ஊனம் என்ற வரம்பு கொடுமையானது என்பதால்தான் அங்கே வழக்குக்குப் போயிருக்கிறார்கள்; இருந்தாலும் போய்க் கதவைத் தட்ட ஓர் அலுவலகம் இருக்கிறது. அமெரிக்காவில் முத்தடுப்பு ஊசிக்கு எதிரான வழக்குகளால் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டு விலகியபோது, 1986இல் ரீகன் காலத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். குழந்தைகளுக்கான ஊசிகளில், ஒரு டோஸ் தடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் 75 சென்ட் வரி. அதில் சேரும் நிதியிலிருந்து, நிறுவனத்தின் தவறை நிரூபிக்காமலேயே இழப்பீடு பெறலாம். நாமோ நிறுவனத்துக்கும் பாதுகாப்பு தரவில்லை, பாதிக்கப்பட்டவருக்கும் நிதி வைக்கவில்லை.

வழக்குப் போடும் உரிமை இருக்கிறதே என்பார்கள். கூலி வேலை செய்யும் ஒருவர் தன் மகளை இழந்துவிட்டு, பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் அரசின் பக்கவிளைவு ஆய்வுக் குழுவின் கோப்பையும் தேடி அலைந்து, நிபுணர் சாட்சியம் ஏற்பாடு செய்து, உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு பெரிய மருந்து நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். உண்மையில் கவனக்குறைவே இல்லாமலும் இந்தப் பாதிப்பு நேரலாம். ஊசி சரியாகத் தயாரிக்கப்பட்டிருக்கும், ஒரு சிலர் உடல் மட்டும் அப்படி எதிர்வினை காட்டியிருக்கும். அப்போது வழக்கு எதன் மேல் நிற்கும்? நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அரசு முகாமில் காசு கொடுக்காமல் ஊசி போட்டுக்கொண்டவர் நுகர்வோரா என்ற கேள்வியே முதல் தடையாக வந்து நிற்கும். மேடைகளில் பெருமையாகச் சொல்லப்பட்ட அந்த இலவசமே அங்கே அவருக்கு எதிரான வாதமாகிவிடும்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2021 ஜனவரியில் கோவாக்சின் போட்டுக்கொண்டவர்களிடம் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கடுமையான பாதிப்பு ஏற்பட்டு, அது ஊசியால்தான் வந்தது என்று நிரூபணமானால் தயாரிப்பு நிறுவனம் இழப்பீடு தரும் என்று அதில் எழுதியிருந்தது. பரிசோதனை முறையில்தான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி தரப்பட்டிருந்ததால் வந்த படிவம் அது. மார்ச் மாதம் நிபந்தனை நீங்கியது. அதோடு படிவமும் போனது, அந்த வாக்குறுதியும் போனது. ஒரே நிறுவனத்தின் ஒரே ஊசியைப் பிப்ரவரியில் போட்டுக்கொண்ட செவிலியருக்கு எழுத்தில் இருந்த உறுதி, ஏப்ரலில் போட்டுக்கொண்ட அவருடைய தாய்க்கு இல்லை. இதைப் பற்றி எந்தக் கட்சியும் பெரிதாகக் குரல் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை.

ஊசிக்குப் பின் மகள்களை இழந்த இரு குடும்பங்கள் தொடர்ந்த வழக்கில், 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதில் மனு என்னை மிகவும் வேதனைப்படுத்தியது. ஊசி போட்டுக்கொள்ளச் சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே அரசைப் பொறுப்பாக்க முடியாது, வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது அதன் சாரம். காகிதத்தில் கட்டாயமில்லைதான். நடைமுறையில் என்ன நடந்தது? தமிழ்நாடு அரசு 2021 நவம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பொது இடங்களுக்கு வருபவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று அறிவித்தது. நீலகிரியில் டாஸ்மாக் கடையிலேயே சான்றிதழ் கேட்டார்கள். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், டெல்லியிலும் இத்தகைய கட்டுப்பாடுகள் இருந்தன. போட்டுக்கொள், நாட்டுக்காகப் போட்டுக்கொள் என்று தொலைபேசியில் எண்ணை அழுத்தும்போதெல்லாம் சொன்ன அரசு, தீங்கு நேர்ந்த வீட்டில் மட்டும் அது உன் விருப்பம் என்று சொல்வது அறமாகாது. கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைத்தது, அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. அந்தக் கொரோனாவைத் தடுக்க அரசு சொன்னபடி ஊசி போட்டு இறந்தவர் குடும்பத்துக்கு அதுவும் கிடையாது.

தவறை நிரூபிக்காமல் இழப்பீடு தருவது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, ஓட்டியவர் மேல் தவறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று வைத்திருக்கிறது. இங்கே 220 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்கள் போட்டிருக்கிறோம். டோஸுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கியிருந்தால் 220 கோடி ரூபாய் சேர்ந்திருக்கும். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றாலும் 2,200 குடும்பங்களுக்குத் தரலாம். ஆய்வுக் குழு ஊசியோடு தொடர்புடையவை என்று ஏற்றுக்கொண்ட மரணங்கள் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே பணம் இல்லை என்ற வாதம் எடுபடாது. அந்தச் சில குடும்பங்களின் ஓட்டு எந்தத் தொகுதியிலும் முடிவை மாற்றாது என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

இழப்பீடு கொடுத்தால் ஊசி மேல் பயம் பரவும் என்று அதிகாரிகள் சிலர் சொல்வதுண்டு. நடிகர் விவேக் விஷயத்தில் நாம் கண்டது அதற்கு நேர்மாறு. 2021 ஏப்ரல் 15 அன்று ஊடகங்களுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மறைந்தார். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு சொல்ல அக்டோபர் வரை ஆனது. இடைப்பட்ட ஆறு மாதங்களும் வதந்திக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன. காலக்கெடுவோடு விசாரித்து, தொடர்பில்லை என்றால் இல்லை என்று காரணத்தோடு சொல்லி, இருக்கிறது என்றால் பணத்தைக் கையில் கொடுக்கும் ஓர் அமைப்பு இருந்திருந்தால் மக்கள் ஊசியை இன்னும் நம்பியிருப்பார்கள்.

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பொது இடங்களில் ஊசியைக் கட்டாயமாக்கித் தன் சட்டத்தின்கீழ் அறிவிப்பு வெளியிட்ட தமிழ்நாடு அரசு, டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த மாநிலத்தில் நேர்ந்த பாதிப்புகளில் ஊசியோடு தொடர்புண்டு என்று ஆய்வுக் குழுக்கள் ஏற்றுக்கொண்டவற்றின் கோப்புகள் அரசிடம் இருக்கும். அந்தக் குடும்பங்களை அழைத்து, கோப்பின் நகலையும் இழப்பீட்டையும் கொடுப்பதற்கு ஓர் அரசாணை போதும்.