காய்ச்சல் இல்லாதபோது எதற்கு இந்த மாத்திரை?

கேள்வி: ரத்தக்குழாய் அழற்சி நோய் சிறுநீரகத்தைத் தாக்கியதால், என் கணவருக்கு ரிட்டுக்சிமாப் ஊசி போட்டு, தினமும் 40 மி.கி. ப்ரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். கூடவே கோ-டிரைமாக்சசோல் மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். அவருக்குக் காய்ச்சலோ சளியோ இல்லை. ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில் சாப்பிடக் கூடாது என்கிறார் மருந்துக்கடைக்காரர். நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நிறுத்த வேண்டாம். மருந்துக்கடைக்காரர் சொன்னது பொதுவாக நல்ல அறிவுரைதான். ஆனால் உங்கள் கணவருக்கு அது பொருந்தாது. நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை நுரையீரலில் பெருகி நிமோனியாவை உண்டாக்காமல் தடுப்பதற்காகவே அந்த மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது. காற்றின் வழியே பரவும் இந்தப் பூஞ்சையை நம்மில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே சுவாசித்து, எந்தத் தொல்லையும் இல்லாமல் கடந்து வந்திருக்கிறோம். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம்தான் அது நோயாக மாறுகிறது. நாளொன்றுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல் ப்ரெட்னிசோலோனை ஒரு மாதமோ அதற்கு அதிகமாகவோ, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற வேறொரு மருந்தோடு சேர்த்து எடுப்பவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பது வழக்கம். ரிட்டுக்சிமாபின் விளைவு பல மாதங்கள் நீடிப்பதால், இந்த அழற்சி நோய்க்காக அதைப் போட்டுக்கொள்பவர்கள் கடைசி ஊசிக்குப் பிறகும் குறைந்தது 6 மாதங்கள் இத்தடுப்பைத் தொடர வேண்டும்.

பூஞ்சை என்றால் ஃப்ளூகோனசோல் போதாதா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். அது இங்கே பலிக்காது. வழக்கமான பூஞ்சை மருந்துகள் பலவும் எர்கோஸ்டெரால் என்னும் பொருளைக் குறிவைத்தே வேலை செய்கின்றன. நியூமோசிஸ்டிஸின் உறையில் அந்தப் பொருள் இல்லை. 1988 வரை இதை ஒட்டுண்ணி என்றே பெரும்பாலோர் கருதியிருந்தார்கள். மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பூஞ்சை என்று தெரிந்தது. ஆனால் இதற்குத் தேவையான ஃபோலேட் என்னும் வைட்டமினை இதுவே தயாரித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அந்தத் தயாரிப்பை இரண்டு கட்டங்களில் தடுக்கும் கோ-டிரைமாக்சசோல் நன்றாக வேலை செய்கிறது.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டியது ரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவதைப் பற்றித்தான். இந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தும். ரமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மருந்துகளையும் அவர் சாப்பிட்டால் அது மேலும் உயரும். ஆகவே பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த அணுக்கள் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப மாத்திரையின் அளவை அவர் மாற்றக்கூடும்.

கேள்வி: எச்.ஐ.வி. தொற்றுள்ள என் தம்பி ஓராண்டாக, அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை விட்டுவிட்டான். மூன்று வாரமாக வறட்டு இருமல், லேசான காய்ச்சல். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியிருக்க, மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறார் மருத்துவர். அவசியமா?
– வாசகர், சேலம்

பதில்: மிகவும் அவசியம், நாள் கடத்தாதீர்கள். இது மேலே சொன்ன நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவாக இருக்கலாம். அதன் தொடக்கத்தில் எக்ஸ்ரே தெளிவாக இருப்பது வியப்பில்லை. ஸ்டெதஸ்கோப்பிலும் எதுவும் கேட்காமல் போகலாம். சி.டி. ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் பனி மூடியதுபோல் மங்கலாகத் தெரியும். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருக்கும் ஆக்சிஜன் அளவு சிறிது நடந்ததும் சரிந்தால், அது மிக முக்கியமான குறிப்பு. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்திருப்பதாக வெளியான செய்திதான், பின்னர் எய்ட்ஸ் என்று அறியப்பட்ட நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை. அன்று முதல் இன்று வரை, எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவருக்கு மூச்சு வாங்கினால் முதலில் நினைக்க வேண்டிய நோய்களில் இது ஒன்று. நம் நாட்டில் காசநோயையும் உடன் தேட வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம்.

இந்தப் பூஞ்சையைச் சாதாரண ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க முடியாது என்பதால், தூண்டி எடுத்த சளியையோ, குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரையோ சாயமிட்டும் பி.சி.ஆர். முறையிலும் பார்க்கிறார்கள். முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருக்காது. அதே கோ-டிரைமாக்சசோல்தான் மருந்து, ஆனால் அளவு வேறு: தடுப்புக்கு நாளொன்றுக்கு ஒரு இரட்டை வலு மாத்திரை என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்குச் சிகிச்சையில் அதே மாத்திரை நாளொன்றுக்கு ஆறு வரை தேவைப்படும், நோய் கடுமையாக இருந்தால் ஊசியாக ஏற்றுவார்கள். எனவே, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை இப்போது கொடுத்துப் பார்ப்பது பயன்தராது. சிகிச்சை 21 நாட்கள். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால், முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டையும் தொடங்குவார்கள். ஏனெனில் பூஞ்சை மடியும்போது எழும் அழற்சியும் மூச்சைத் திணறடிக்கும். முதல் சில நாட்களில் நிலைமை சற்று மோசமாகத் தோன்றினாலும் மனந்தளர வேண்டாம். திடீரென நெஞ்சில் குத்துவலி வந்தால் நுரையீரல் வெடித்துக் காற்று கசிந்திருக்கலாம். உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

ஏ.ஆர்.டி. சிகிச்சையைப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மீண்டும் தொடங்குவார்கள். விட்டுப்போனதற்காகத் தம்பியைக் கடிந்துகொள்ளாமல் அழைத்துப் போங்கள். மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வருபவர்கள் ஏ.ஆர்.டி. மையங்களுக்குப் புதியவர்கள் அல்லர். பிறகு எதிர்ப்பாற்றலைக் காட்டும் அவருடைய சிடி4 ரத்த அணுக்களின் எண்ணிக்கை போதுமான அளவு உயர்ந்து நிலைக்கும்வரை தடுப்பு மாத்திரையைத் தொடர வேண்டும். எண்ணிக்கை உயர்ந்த செய்தி கேட்டதும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். முன்பு சல்ஃபா மாத்திரையால் உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. எனக்கும் இந்தத் தடுப்பு தேவையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் குறைந்த அளவில் எடுப்பவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்சேட்டும் கோ-டிரைமாக்சசோலும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி, உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம். சிறுநீர்த் தொற்றுக்காக யாரிடம் சென்றாலும், நீங்கள் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதையும் அந்தத் தடிப்பையும் முதலில் சொல்லுங்கள். அப்போது தோலில் கொப்புளமோ வாயில் புண்ணோ வந்திருந்தால், சல்ஃபாவை (கோ-டிரைமாக்சசோலிலும் அது உண்டு) வாழ்நாளில் மீண்டும் தொடக் கூடாது. பின்னாளில் தடுப்பு தேவைப்பட்டாலும் அடோவாகுவோன், மாதம் ஒருமுறை மூச்சுவழி உள்ளிழுக்கும் பென்டாமிடின், டாப்சோன் என்று மாற்றுவழிகள் உண்டு. டாப்சோனுக்கு முன் ஜி6பிடி என்னும் நொதிக்கான பரிசோதனை கட்டாயம். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

கேள்வி: இந்த நிமோனியா வந்த என் மாமனாரிடமிருந்து வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றுமா?
– வாசகர், மதுரை

பதில்: ஆரோக்கியமான குழந்தைகளைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஆனால் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களிடையே இந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிய நிகழ்வுகள் உண்டு. ஆகவே உங்கள் வீட்டில் மாற்று உறுப்பு பெற்றவரோ, கீமோதெரபி எடுப்பவரோ இருந்தால், சிகிச்சை முடியும்வரை மாமனாரும் அவரும் ஒரே அறையில் படுக்க வேண்டாம்.